ஓடாத படங்களுக்கு ஒரு அப்பீல் கோர்ட்டு

2003 பொங்கல். எனக்கு ஆறு வயசு. அப்பா கோவில்பட்டில மளிகைக் கடை வச்சிருந்தார். வருஷத்துல ரெண்டே நாள்தான் மதியத்தோட கடையைச் சாத்துவார், தீபாவளிக்கும் பொங்கலுக்கும். அன்னைக்குக் குடும்பத்தோட சினிமா. 'தூள்' பார்க்கலாம்னுதான் கிளம்பினோம். போனா ஹவுஸ்ஃபுல் போர்டு. வந்தது வந்தாச்சுன்னு பக்கத்துத் தியேட்டர்ல 'அன்பே சிவம்'. டிக்கெட் ஈஸியா கிடைச்சப்பவே அப்பாவுக்கு சந்தேகம் வந்திருக்கணும் :-)

இடைவேளைக்கு லைட்டு போட்டதும் அப்பா எழுந்து வேட்டியை மடிச்சுக் கட்டினார். "ரெண்டு பேரு பேசிக்கிட்டே இருக்கானுவ. எந்திரிங்க, போவோம்." அவ்வளவுதான். முறுக்கு வாங்கித் தர்றேன்னு சொன்னதால எனக்கு அதுல வருத்தம் எதுவும் இல்லை.

அதே அப்பாகிட்ட இன்னைக்குப் போய் தமிழ்ல நல்ல படமா மூணு சொல்லுங்கன்னா, அதுல ஒன்னு அன்பே சிவம். "நீங்கதானப்பா பாதியில எந்திரிச்சு வந்தீங்க"ன்னு கேட்டா, "யாரு? நானா?"ன்னு சாதிப்பார். அம்மா சாட்சி சொன்னாலும் ஒத்துக்க மாட்டார்.

படத்துல ஒரு ஃப்ரேம் கூட மாறலை. அதே சுந்தர்.சி, அதே கமல், அதே மாதவன், அதே புவனேஸ்வர் மழை. அப்பாவும் அதே அப்பாதான், சுகர் மட்டும் கூடியிருக்கு. அப்புறம் எது மாறுச்சு? ரொம்ப நாளா மண்டைக்குள்ள ஓடிக்கிட்டு இருந்த கேள்வி. கொஞ்சம் பின்னாடி போய்த்தான் ஆகணும்.

1931 அக்டோபர்ல 'காளிதாஸ்' வந்துச்சு. சென்னைத் தூர்தர்ஷன் ஆரம்பிச்சது 1975 ஆகஸ்ட் 15. நடுவுல 44 வருஷம், படம் பார்க்கணும்னா கொட்டகைக்குத்தான் போகணும், வேற வழியே கிடையாது. பேராசிரியர் கா. சிவத்தம்பி 1981ல தமிழ் சினிமாவும் அரசியலும் பத்தி எழுதினப்ப ஒரு முக்கியமான விஷயத்தைச் சொன்னார். தமிழர்கள் எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழ உட்கார்ந்த முதல் கலைக்கூடம் சினிமா கொட்டகைதான், அங்க யார் எங்க உட்கார்றதுங்கிறதை முடிவு பண்ணினது அந்தஸ்து இல்லை, கையில இருந்த காசுன்னு. தரை, பெஞ்சு, சேர். தரை டிக்கெட்டுக்காரர் மணலைக் குவிச்சு மேடு கட்டி உட்காருவார், பின்னாடி இருக்கறவர் திட்டுவார்.

இப்படி ஒரு கூட்டத்துக்கு நடுவுல உட்கார்ந்து பார்க்கிறப்போ நம்ம ரசனை நம்மகிட்ட மட்டும் இருக்காது. நாலு பேர் விசில் அடிச்சா நமக்கும் கை துறுதுறுங்கும். நாலு பேர் கொட்டாவி விட்டா நமக்கும் தூக்கம் வரும். தீர்ப்பு அங்கேயே, சத்தமா, ஒரு ராத்திரிக்குள்ள வந்துடும். பிடிச்சுப் போச்சுன்னா அளவே கிடையாது. 1944 தீபாவளிக்கு வந்த தியாகராஜ பாகவதரோட 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே தியேட்டர்ல மூணு தீபாவளி பார்த்துச்சு.

பிடிக்கலைன்னா என்ன ஆகும்? அதுக்கு 'அந்த நாள்' இருக்கு. 1954, ஏவிஎம் தயாரிப்பு, வீணை எஸ். பாலசந்தர் டைரக்‌ஷன். பாட்டு கிடையாது, டான்ஸ் கிடையாது, சண்டை கிடையாது. போதாக்குறைக்குப் படம் ஆரம்பிச்சதுமே சிவாஜி செத்துப் போயிடுவார். 'பராசக்தி' வந்து ரெண்டு வருஷம் கூட ஆகலைங்க! சிவாஜி பேசுறதைக் கேட்க வந்தவனுக்கு எப்படி இருந்திருக்கும்னு நினைச்சுப் பாருங்க. படம் ஓடலை. தேசிய விருதுல தகுதிச் சான்றிதழ் கிடைச்சதெல்லாம் அப்புறம்.

ஓடாத படத்தோட பெட்டி விநியோகஸ்தர் குடோனுக்குத் திரும்பிடும். ஓடின படத்தோட பெட்டி மட்டும் ஊர் ஊரா, டூரிங் டாக்கீஸ் டூரிங் டாக்கீஸா வருஷக்கணக்கில சுத்தும். எம்ஜிஆர் படப் பெட்டியெல்லாம் அப்படித்தான் சுத்துச்சு. தோத்த படத்தைக் காசு குடுத்து எடுத்து ஓட்ட எந்தக் கொட்டகைக்காரருக்கும் பைத்தியம் பிடிக்கலை. அதனால முதல் தீர்ப்பே கடைசித் தீர்ப்பு.

அப்பா 'அந்த நாள்' பார்த்தது டிவியில. எண்பதுகளோட கடைசி, தெருவுக்கு ஒரு டிவி. வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும், ஞாயித்துக்கிழமை சாயங்காலம் படம். வாசல் வரைக்கும் ஆள் உட்கார்ந்திருக்கும். "சிவாஜி படம்னு போய் உக்காந்தா அவரு பொட்டுனு போயிட்டாரு. எந்திரிச்சா எங்க போறது? அடுத்த படம் அடுத்த ஞாயித்துக்கிழமைதான!" உட்கார்ந்திருக்கார். யார் சுட்டாங்கன்னு தெரியாம அப்புறம் எழுந்திரிக்க முடியலை. படம் அவருக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு.

இந்த "எந்திரிச்சா எங்க போறது" ரொம்ப முக்கியம்னு எனக்குப் படுது. 1987 ஜனவரியில ராமானந்த் சாகரோட ராமாயணம் ஆரம்பிச்சப்ப, இந்தி எதிர்ப்புக்குப் பேர் போன நம்ம ஊர்லயே ஞாயிறு காலையில ஒரு வார்த்தை புரியாம பல வீடுகள்ல உட்கார்ந்து பார்த்தாங்க. பக்தி ஒரு காரணம், கதை ஏற்கெனவே தெரியுங்கிறது இன்னொரு காரணம். வேற சேனல் இல்லைங்கிறது யாரும் சொல்லாத மூணாவது காரணம்.

1993 ஏப்ரல் 14, சன் டிவி. சீக்கிரமே "திரைக்கு வந்து சில மாதங்களே ஆன"ங்கிற குரல் வீட்டுல ஒருத்தர் மாதிரி ஆயிடுச்சு. 2001ல கேடிவி வந்துச்சு, நாள் முழுக்கப் படம். இங்கதான் கதை திரும்புது. ஒரு நாளைக்கு அஞ்சு படம்னு வச்சுக்கிட்டாலும் வருஷத்துக்கு 1800 காட்சிக்கு மேல வருது. ஹிட் படங்களை மட்டும் வச்சு இந்தப் பள்ளத்தை ரொப்ப முடியுமா? குடோனுக்குப் போன பெட்டியெல்லாம் வெளிய வந்தாகணும். யாரும் ரசனையோட உட்கார்ந்து தோத்த படங்களுக்கு நியாயம் வழங்கலை. நேரத்தை ரொப்பணும், அவ்வளவுதான். அந்த அவசரம்தான் ஓடாத படங்களுக்கு அப்பீல் கோர்ட்டா அமைஞ்சுது.

கோர்ட்டுன்னு சொன்னதால ஜூரியையும் பார்த்துடலாம். 2003ல தியேட்டருக்குப் போனது யாரு? சின்ன ஊர்ல கொட்டகைங்க நாறிக் கிடந்துச்சு, சில இடங்கள்ல கல்யாண மண்டபமாவும் ஆயிடுச்சு. திருட்டு விசிடி வேற. 1999 கடைசியில 'சித்தி' வந்ததுல இருந்து சாயங்காலமானா அம்மாக்கள் யாரும் வீட்டை விட்டு நகரலை. பண்டிகை நாளை விட்டா தியேட்டர்ல மிச்சம் இருந்தது பெரும்பாலும் காலேஜ் பசங்களும் ரசிகர் மன்றமும்தான். "அன்பே சிவம் ஓடலை"ன்னா, அந்தப் பொங்கலுக்குத் தியேட்டருக்கு வந்தவங்களுக்கு அது வேண்டாம்னு அர்த்தம். வராதவங்க ஓட்டே போடலையே! எங்க அம்மா அந்த ஓட்டைப் போட்டது அப்புறம்தான், சுண்டல் தாளிச்சுக்கிட்டே, கிச்சன்ல இருந்து எட்டி எட்டிப் பார்த்து. 2006ல இலவசக் கலர் டிவி கொடுக்க ஆரம்பிச்சாங்க, மொத்தம் ஒன்றரைக் கோடிக்கு மேல கொடுத்தாங்க. அதைத் தேர்தல் சமாச்சாரமாவே பேசி முடிச்சுட்டோம். தமிழ் சினிமாவோட ஜூரியில அத்தனை வீடுகள் புதுசா சேர்ந்ததை யாரும் பெருசா எடுத்துக்கலை.

அப்பா விஷயத்துக்கு வர்றேன். கடையைச் சாத்திட்டு வீட்டுக்கு வர ராத்திரி பத்தரை ஆகும். டிவியில படம் ஓடிக்கிட்டு இருக்கும், தட்டோட உட்காருவார். எந்தப் படத்தையும் அவர் முதல்ல இருந்து பார்த்ததே கிடையாது. அன்பே சிவம் மட்டும் ஏழெட்டு தடவையாவது போட்டிருப்பாங்க. ஒவ்வொரு தடவையும் அவருக்குக் கிடைச்சது பின்பாதி. ஆக, எங்கப்பா முன்பாதியைத் தியேட்டர்லயும் பின்பாதியை கேடிவியிலயும் பார்த்து, ஒரு படத்தைப் பல வருஷம் எடுத்து முழுசாக்கி இருக்கார் :-) நடுவுல 2008ல இருந்து கரண்ட் கட் வேற. கிளைமாக்ஸ்ல கரண்ட் போய், அதை அடுத்த ஒளிபரப்புல பார்த்த கதையும் உண்டு.

அப்படித் துண்டு துண்டா பார்க்கிறதுல ஒன்னு நடக்குது. கதை என்ன ஆகும்னு தெரியும், அதனால அவசரம் இல்லை. ஆளுங்களை மட்டும் பார்க்கலாம். தியேட்டர்ல "பேசிக்கிட்டே இருக்கானுவ"ன்னு எரிச்சலா இருந்த அதே பேச்சு, ராத்திரி பதினோரு மணிக்கு இட்லி சாப்பிட்டுக்கிட்டே கேட்கிறப்ப நல்லா இருந்திருக்கு. செல்வராகவனோட 'புதுப்பேட்டை' (2006), 'ஆயிரத்தில் ஒருவன்' (2010) ரெண்டுக்கும் மரியாதை இப்படிப் பின்னாடி வந்ததுதான். ஆயிரத்தில் ஒருவனை 2021 டிசம்பர் 31 அன்னைக்குத் தியேட்டர்ல மறுபடி போட்டப்ப போனேன். முதல் ரிலீஸ்ல "ஒன்னுமே புரியலை"ன்னு ஜனங்க குழம்பின அதே காட்சிகளுக்கு, பக்கத்து சீட்டுப் பையன் வசனத்தை முன்னாடியே சொல்றான். அவனுக்கு இருபது வயசு இருந்தா அதிகம். டிவியில பார்த்துத்தான் மனப்பாடம் பண்ணியிருப்பான்.

'குணா' இன்னும் பெரிய கேஸ். 1991 நவம்பர் 5, தீபாவளி. அதே நாள்ல 'தளபதி'. எந்தப் பக்கம் கூட்டம் போச்சுன்னு சொல்லணுமா என்ன. சந்தானபாரதி டைரக்ட் பண்ணின படம். (அன்பே சிவத்துல நாசரோட கையாளா வர்றாரே, அவரேதான். ரெண்டு படத்துலயும் இருந்திருக்கார் பாவம்.) அதுக்கப்புறம் 32 வருஷம் கழிச்சு, 2024 பிப்ரவரியில, 'மஞ்ஞும்மல் பாய்ஸ்'னு ஒரு மலையாளப் படம். கொடைக்கானல் குணா குகைக்குள்ள விழுந்த ஒருத்தரைக் கூட்டாளிங்க மீட்கிற, 2006ல நிஜமா நடந்த கதை. உச்சத்துல குணா பாட்டு ஒலிக்குது. நான் பார்த்தது மதுரையில. தியேட்டரே எழுந்து நின்னுச்சு. மலையாளம் தெரியாத ஜனம், டப்பிங் இல்லாம சப்டைட்டிலோட. அந்தக் கூட்டத்துல பாதிப் பேர் குணா வந்தப்ப பிறக்கவே இல்லை. அவங்களுக்கு அந்தப் பாட்டைக் கொண்டு வந்து சேர்த்தது ரேடியோவும் டேப்பும் டிவியும். சப்டைட்டில் படிச்சுப் பார்க்கிற பழக்கத்தைக் கொண்டு வந்தது ஓடிடி. அந்த ஒரு நிமிஷக் கைத்தட்டலுக்குப் பின்னாடி மூணு தலைமுறைப் பார்க்கும் பழக்கம் இருந்துச்சு.

ஓடிடின்னதும் சண்டைக் கதைகள் ஞாபகம் வரும். 2013ல விஸ்வரூபத்தை டிடிஎச்ல முதல்ல காட்டப் போறேன்னு கமல் சொல்லி, தியேட்டர்காரங்க எதிர்த்து, நின்னு போச்சு. ஏழே வருஷத்துல, 2020 மே 29, 'பொன்மகள் வந்தாள்' நேரா அமேசான் பிரைம்ல. அதுக்கும் எதிர்ப்பு, ஆனா கொரோனாவுல தியேட்டரே திறக்கலை. அதெல்லாம் தெரிஞ்ச கதை, விட்டுடலாம். என்னை உறுத்துறது வேற.

ரெண்டு வருஷம் முன்னாடி ஆபீஸ்ல ஒரு வீடியோ ஆப் ப்ராஜெக்ட்ல இருந்தேன். அதுல ஒரு கிராஃப் உண்டு. படத்தோட எந்த நிமிஷத்துல எத்தனை பேர் வெளிய போனாங்கன்னு கோடு கீழ இறங்கிக்கிட்டே வரும். முதல் பத்து நிமிஷத்துல கோடு செங்குத்தா இறங்கினா, அந்தப் படம் முகப்புப் பக்கத்துல இருந்து தானா கீழ போயிடும். அந்த கோடுல நாலு வரி நானும் எழுதினேன். நெட்ஃபிளிக்ஸ் 2020ல ஒரு கணக்கு சொன்னாங்க, ரெண்டு நிமிஷம் பார்த்தாலே ஒரு படத்தைப் 'பார்த்ததா' எடுத்துக்குவோம்னு. அடுத்த வருஷமே அந்த அளவுகோலை மாத்திட்டாங்கன்னாலும், ரெண்டு நிமிஷங்கிறது நம்ம பொறுமையைப் பத்தி ஏதோ சொல்லுதுல்ல? எங்கப்பாவாவது இடைவேளை வரைக்கும் உட்கார்ந்தார்.

டிவியில எனக்குப் பிடிக்காத படத்தைத்தான் மறுபடி மறுபடி போட்டாங்க. ஓடிடில எனக்குப் பிடிக்காததை மறுபடி காட்டவே மாட்டாங்க. அதுக்காகத்தான் எனக்குச் சம்பளமே கொடுத்தாங்க. இப்ப தியேட்டர்ல மறுவெளியீடு அமோகமா போகுது, 2024 ஏப்ரல்ல 'கில்லி' போட்டப்ப திருவிழாதான். ஆனா கில்லி முதல் தடவையே ஜெயிச்ச படம். 2022ல, 23ல வந்து ஒரே வாரத்துல மறைஞ்சு, ஏதோ ஒரு ஆப்போட அடியில கிடக்கிற படத்துக்கு யார் இட்லித் தட்டோட உட்காருவா?

போன வருஷம் அப்பா அம்மா பெங்களூருக்கு வந்திருந்தாங்க. பெரிய டிவி, நல்ல ஸ்பீக்கர், விளம்பரம் கிடையாது. அன்பே சிவத்தை முதல்ல இருந்து போட்டுக் காட்டினேன். ஏர்போர்ட் சீன்லயே "இதை நான் பார்த்ததே இல்லியே"ன்னார். பார்த்தீங்கப்பா, 2003லன்னு சொல்லலை. பாதிப் படத்துல எழுந்து போய்த் தண்ணி குடிச்சுட்டு வந்தார். நான் பாஸ் பண்ணி வச்சிருந்தேன். "ஏன் நிப்பாட்டினே?"

"நீங்க போனீங்களே."

"அந்த எடத்துல விளம்பரம் வரும்லா"ன்னுட்டு உட்கார்ந்தார்.

நான் மொபைலை நோண்டிக்கிட்டு இருந்தேன். ஆக்சிடெண்ட் ஆகிற பஸ் வந்துச்சு, "போனைக் கீழ வையி"ன்னார். வச்சேன்.