முந்நூறு நானூற்றைம்பது ஆன கதை

ஒரு நாள் மாலை, ஆய்வுக்கூட வகுப்பு முடிந்ததும் இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் என்னிடம் ஒரு தாளை நீட்டினார். விளையாட்டுகளுக்கு ஏற்ற கணிப்பொறி ஒன்றைத் தாமே பொருத்திக்கொள்ள விரும்பி, வாங்க வேண்டிய பாகங்களை விலையுடன் அதில் எழுதியிருந்தார். அடியில் இருந்த கூட்டுத்தொகை, அவருடைய தந்தை சீட்டு எடுத்துக் கொடுக்கவிருந்த பணம். "இருப்பதிலேயே வேகமான செயலியைப் போட்டிருக்கிறேன், சார். சரிதானே?" என்று கேட்டார். மொத்தத் தொகையில் பாதியை அந்த ஒரு பாகமே விழுங்கியிருந்தது. அதை ஈடுகட்ட மற்ற எல்லாவற்றிலும் சிக்கனம் பிடித்திருந்தார்.

அவருக்கு விடை கூறுமுன் 1998ஆம் ஆண்டில் நடந்த ஒரு கதையைச் சொன்னேன். குறைந்த பணத்தில் நல்ல கணிப்பொறி வேண்டுவோர் எல்லோரும் அறிய வேண்டிய கதை அது. உங்களுக்கும் சொல்கிறேன், வாருங்கள்.

பூட்டில்லாத பெட்டி

பாகங்களைப் பொறுக்கியெடுத்து நாமே கணிப்பொறி செய்துகொள்ளும் வசதி தானாக வந்ததன்று. 1981ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஐ.பி.எம். நிறுவனம் தன் தனிநபர் கணிப்பொறியை வெளியிட்டது. விரைவாகச் சந்தைக்கு வரவேண்டும் என்ற அவசரத்தில், தன் வழக்கத்துக்கு மாறாக, பிறர் செய்து விற்ற பாகங்களையே பெரும்பாலும் வாங்கிக் கோத்தது. செயலி, இன்டெல் நிறுவனத்தின் 8088. கூடுதல் அட்டைகளைப் பொருத்த உள்ளே ஐந்து செருகுவாய்கள் இருந்தன. அத்தகைய அட்டைகளைப் பிறரும் செய்வதற்கு உதவியாக, மின்சுற்று வரைபடங்களையே நூலாக அச்சிட்டு விற்றது.

இதனால் என்ன ஆயிற்று? ஐ.பி.எம். பொறிக்கென எழுதப்பட்ட நிரல்களை அப்படியே ஏற்று இயங்கும் கணிப்பொறியைக் காம்பேக் என்ற நிறுவனம் 1982ஆம் ஆண்டின் இறுதியில் அறிவித்தது. அதன்பின் பல நிறுவனங்கள் அவ்வழியே வந்தன. மிதிவண்டிக்கு எந்தக் கடையில் வாங்கிய டயரும் பொருந்துவது போல, ஒரு நிறுவனத்தின் மதர்போர்டில் இன்னொரு நிறுவனத்தின் அட்டை பொருந்தும் நிலை ஏற்பட்டது. தேர்ந்தெடுக்கும் உரிமை வாங்குவோர் கைக்கு வந்தது. கூடவே, தவறாகத் தேர்ந்தெடுக்கும் அபாயமும் வந்தது!

படம் வரைவது யார்?

1996ஆம் ஆண்டு ஜூன் மாதம் இட் சாஃப்ட்வேர் நிறுவனம் 'குவேக்' என்ற விளையாட்டை வெளியிட்டது. முப்பரிமாணக் கூடங்களுக்குள் ஆடுபவர் நடந்து செல்வதாக அமைந்த விளையாட்டு அது. அவர் ஒவ்வோர் அடி எடுத்து வைக்கும்போதும் காட்சி முழுவதையும் புதிதாக வரைய வேண்டும். அந்த வேலை முழுவதும் செயலியின் தலையில் விழுந்தது. தசமப் புள்ளியுடன் கூடிய எண்களைப் பெருக்குவதும் வகுப்பதுமாகிய கணக்குகளை அது விடாமல் செய்தாக வேண்டும். சைரிக்ஸ் நிறுவனத்தின் மலிவான செயலிகள் கடிதம் தட்டவும் கணக்கு எழுதவும் நன்றாகவே பயன்பட்டன. ஆனால் இந்த வகைக் கணக்கில் பென்டியத்தை விடப் பின்தங்கியதால் குவேக்கில் தடுமாறின. ஒரு வேலையில் வேகமாக இருப்பது எல்லா வேலையிலும் வேகமாக இருக்கும் என்பதில்லை.

அதே 1996இல், த்ரீடிஎஃப்எக்ஸ் நிறுவனம் 'வூடூ' என்னும் சில்லை வெளியிட்டது. அதைக் கொண்ட அட்டை முப்பரிமாணப் படம் வரைவதைத் தவிர வேறொன்றும் செய்யாது. சாதாரணத் திரைப் பணிக்கு வேறோர் அட்டை தேவைப்பட்டது. ஆனால் தன் ஒரே பணியில் அது சூரன். திரையில் 640 × 480 புள்ளிகள் என்றால் ஒரு படத்துக்கு 3,07,200 புள்ளிகள். நொடிக்கு 30 படங்கள் என்றால் ஏறத்தாழ 92 இலட்சம் புள்ளிகள். இந்தச் சுமையைச் செயலியின் தோளிலிருந்து அந்த அட்டை இறக்கி வைத்தது.

இதை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். ஒரு படத்துக்கு 40 மில்லிநொடி ஆகிறது எனக் கொள்வோம். அதில் 10 மில்லிநொடி விளையாட்டின் கணக்குகளுக்கு. 30 மில்லிநொடி படம் வரைய. இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கின்றன. கணக்கு வேலையை இருமடங்கு வேகப்படுத்தினால் மொத்தம் 35 மில்லிநொடி ஆகும். நொடிக்கு 25 படங்கள் ஏறத்தாழ 29 ஆகும். வரையும் வேலையை இருமடங்கு வேகப்படுத்தினாலோ மொத்தம் 25 மில்லிநொடிதான். நொடிக்கு 40 படங்கள் கிடைக்கும்! மொத்த நேரத்தில் எந்தப் பகுதி பெரிதோ, அதில் செலவழித்த பணமே பலன் தரும். கணிப்பொறி வடிவமைப்பாளர் ஜீன் அம்டால் 1967ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டிய உண்மையின் சாரம் இதுவே.

அஞ்சறைப் பெட்டி இல்லாத சமையலறை

இனி நம் கதையின் நாயகனுக்கு வருவோம். 1998 ஏப்ரலில் இன்டெல் நிறுவனம் மலிவுக் கணிப்பொறிகளுக்காக 'செலரான்' என்ற செயலியை வெளியிட்டது. அதன் வேகம் 266 மெகாஹெர்ட்ஸ். அப்போது விலை உயர்ந்ததாக இருந்த பென்டியம்-2இன் உள்ளமைப்பே இதற்கும். ஒரே வேறுபாடு, விலையைக் குறைப்பதற்காக 'கேஷ்' எனப்படும் இடைநினைவகத்தின் இரண்டாம் அடுக்கு முழுவதையும் நீக்கியிருந்தார்கள்.

இடைநினைவகம் என்பது என்ன? சமையலறையை எண்ணிப் பாருங்கள். கடுகும் சீரகமும் மொத்தமாகப் பரணில் இருக்கும். ஆனால் தாளிக்கும்போது ஒவ்வொரு முறையும் பரணில் ஏறினால் எண்ணெய் கருகிவிடும் அல்லவா? அதற்காகத்தான் அடுப்பருகே அஞ்சறைப் பெட்டி. பரண்தான் முதன்மை நினைவகம். அஞ்சறைப் பெட்டிதான் இடைநினைவகம். செயலி மிக விரைவானது. நினைவகம் அதற்கு ஈடுகொடுக்காது. கேட்டது வந்து சேரும்வரை பல பத்துத் துடிப்புகளைச் செயலி வீணே கழிக்க நேரும். பெட்டியைப் பிடுங்கிக்கொண்டதால் முதல் செலரான் மெகாஹெர்ட்ஸ் கணக்கில் வேகமாகத் தோன்றியும் பல வேலைகளில் திணறியது. வல்லுநர்கள் அதைக் கடுமையாகக் குறை கூறினார்கள்.

இன்டெல் தவற்றைத் திருத்திக்கொண்டது. 1998 ஆகஸ்டு 24 அன்று 'செலரான் 300ஏ' வெளிவந்தது. இதில் 128 கிலோபைட் இடைநினைவகம் இருந்தது. பென்டியம்-2இலோ 512 கிலோபைட். நான்கில் ஒரு பங்குதானே என்று எண்ணத் தோன்றும். ஆனால் பென்டியம்-2இன் இடைநினைவகம் தனிச் சில்லுகளில், செயலியின் பாதி வேகத்திலேயே இயங்கியது. செலரானுடையது செயலியின் அதே சில்லில், முழு வேகத்தில் இயங்கியது. சின்னப் பெட்டிதான்; ஆனால் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது!

அதே நாளில் 450 மெகாஹெர்ட்ஸ் பென்டியம்-2உம் வெளியாயிற்று. ஆயிரம் எண்ணிக்கையில் வாங்குவோருக்கான விலை 669 டாலர். செலரான் 300ஏ-யின் விலை 149 டாலர்.

300 எப்படி 450 ஆயிற்று?

செயலியின் வேகம் இரண்டு எண்களின் பெருக்கற்பலன். மதர்போர்டு தரும் அடிப்படைத் துடிப்பைச் செயலி குறிப்பிட்ட மடங்கு பெருக்கிக்கொள்ளும். செலரான் 300ஏ-க்கு அடிப்படைத் துடிப்பு 66 மெகாஹெர்ட்ஸ். பெருக்கும் எண் 4.5. பெருக்கும் எண்ணை இன்டெல் பூட்டி வைத்திருந்தது. குறைந்த வேகச் செயலிகளின் மேல் இருந்த எழுத்தை அழித்து, உயர்ந்த வேகத்தை அச்சடித்து விற்ற மோசடிக்காரர்கள் அந்நாளில் இருந்தார்கள். பூட்டுக்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் மற்றோர் எண் திறந்தே கிடந்தது. பென்டியம்-2க்காக அவ்வாண்டு வந்த புதிய மதர்போர்டுகள் 100 மெகாஹெர்ட்ஸ் துடிப்பையும் தரவல்லவை. அதில் செலரானைச் செருகி 100 என அமைத்தால், 100 × 4.5 = 450! சில மதர்போர்டுகள் இந்த அமைப்புக்கு இடங்கொடுக்கவில்லை. அவற்றில் ஆர்வலர்கள் செயலி அட்டையின் பி21 என்ற ஒரு தொடுமுனையை மட்டும் மின்காப்பு நாடாவால் மூடி, 'இது 100க்கு உரிய செயலி' என்று பொறியை நம்பவைத்தார்கள்.

சரி, 300 என்று விற்ற சில்லு 450ஐத் தாங்கியது எப்படி? ஒரு துடிப்புக்குள், சில்லின் உள்ளே டிரான்சிஸ்டர்களின் மிக நீண்ட தொடர் தன் வேலையை முடித்தாக வேண்டும். 300 மெகாஹெர்ட்ஸில் ஒரு துடிப்பின் காலம் 3.3 நானோநொடி. அந்நேரத்தில் ஒளியே ஒரு மீட்டர்தான் செல்லும். 450இல் அது 2.2 நானோநொடியாகச் சுருங்குகிறது. செலரானும், 450 மெகாஹெர்ட்ஸ் பென்டியம்-2உம் 0.25 மைக்ரான் என்ற ஒரே தயாரிப்பு முறையில் பிறந்தவை. உடன்பிறந்தவருக்கு இயன்றது இவருக்கும் பெரும்பாலும் இயன்றது. விளையாட்டுகளில் இவ்விரண்டின் வேகமும் ஏறக்குறைய சமமாக இருந்தது. மிஞ்சிய பணத்தை ஆர்வலர்கள் நல்ல வரைகலை அட்டையில் போட்டார்கள்.

இலவசமாக ஒன்றும் வருவதில்லை

இயற்பியல் இங்கே தன் பங்கைக் கேட்காமல் விடாது. சில்லு செலவிடும் திறன், மின்னழுத்தத்தின் இருமடியையும் அதிர்வெண்ணையும் பெருக்கியதற்கு ஏறத்தாழ நேர்விகிதத்தில் இருக்கும். அதிர்வெண் ஒன்றரை மடங்கானால் வெப்பமும் ஒன்றரை மடங்கு. சில சில்லுகள் 450ஐத் தாங்க, மின்னழுத்தத்தை 2.0 வோல்ட்டிலிருந்து 2.2 வோல்ட்டுக்கு உயர்த்த வேண்டியிருந்தது. அப்போது 1.1 × 1.1 × 1.5, அதாவது வெப்பம் 1.8 மடங்கு. பெரிய விசிறி தேவைப்பட்டது. சில சில்லுகள் எவ்வளவு முயன்றும் 450ஐ எட்டவில்லை. நிறுவனம் உத்தரவாதம் அளித்தது 300க்கு மட்டுமே. அதற்கு மேற்பட்டது வாங்கியவரின் துணிச்சல்.

காலம் மாறியது. த்ரீடிஎஃப்எக்ஸ் நிறுவனம் 2000 டிசம்பரில் தன் சொத்துகளை என்விடியாவுக்கு விற்க முடிவு செய்தது. செலரான் என்ற பெயரையும் கைவிடுவதாக இன்டெல் 2022இல் அறிவித்தது. இன்றைய செயலிகள் வெப்பம் இடங்கொடுக்கும் அளவுக்குத் தாமே வேகத்தை உயர்த்திக்கொள்கின்றன. ஆகவே 300க்குக் காசு கொடுத்து 450 பெறும் யோகம் இன்று அரிது. ஆனால் எந்தப் பாகம் மற்றவற்றைக் காக்கவைக்கிறது என்று பார்க்க வேண்டிய தேவை மாறவேயில்லை.

அதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். நண்பரின் கணிப்பொறியில் ஒரு விளையாட்டை ஓட்டித் திரைப் புள்ளிகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள். நொடிக்கு வரும் படங்கள் நன்றாகக் கூடினால் தடை வரைகலை அட்டையில். கூடாவிட்டால் பெரும்பாலும் செயலியில். என் மாணவர் அவ்வாறே செய்தார். அவர் விரும்பிய விளையாட்டில் தடை வரைகலை அட்டையில்தான் இருந்தது.

தாளைத் திருத்தினோம். செயலி இரண்டு படி இறங்கியது. வரைகலை அட்டை ஒரு படி ஏறியது. இன்னொரு திருத்தத்தை நான் வற்புறுத்தினேன். அவர் மிக மலிவான பவர் சப்ளையை எழுதியிருந்தார். என் மாணவப் பருவத்தில் நானும் அதையே செய்தேன். ஒரு கோடை மாலையில் அது புகைந்து மதர்போர்டையும் கொண்டுபோயிற்று. படத்தின் வேகத்தை அது ஒரு துளியும் கூட்டாதுதான். ஆயினும் மற்ற எல்லாப் பாகங்களின் உயிரும் அதன் கையில் இருக்கிறது. அங்கே மிச்சம் பிடிக்கக் கூடாது.

கூட்டுத்தொகை, சீட்டுப் பணத்துக்குள்ளேயே அடங்கியது. நீங்களும் ஒரு நாள் அத்தகைய தாளோடு கடைக்குப் போகக்கூடும். எதில் பெரிய எண் இருக்கிறது என்று கேட்குமுன், எது எதற்காகக் காத்திருக்கிறது என்று கேளுங்கள்.