பேரிடர்க் காலத்தில் அமெச்சூர் வானொலி

அமெச்சூர் வானொலி என்பது அரசின் உரிமம் பெற்ற தனிநபர்கள், வணிக நோக்கமின்றி, தமக்கென ஒதுக்கப்பட்ட அலைவரிசைகளில் செய்தி பரிமாறிக்கொள்ளும் சேவையாகும். இதில் ஈடுபடுவோர் ‘ஹாம்’ எனப்படுகின்றனர். பொழுதுபோக்காகத் தொடங்கிய இச்சேவை, தந்தியும் தொலைபேசியும் செயலிழந்த பல பேரிடர்களில் வெளியுலகத் தொடர்புக்கு வழியாக இருந்துள்ளது. 2004 டிசம்பரில் அந்தமான் தீவுகளில் நிகழ்ந்தது அதற்கு முக்கியமான சான்றாகும்.

தோற்றம்

கம்பியில்லாத் தந்தியின் தொடக்கக் காலத்தில் ஒலிபரப்பில் குரல் இல்லை. புள்ளியும் கோடுமாக அமைந்த மோர்ஸ் குறியீடே வானொலியின் மொழியாக இருந்தது. 1906-இல் பெர்லினில் நடந்த பன்னாட்டு மாநாடு எஸ்.ஓ.எஸ். என்ற அபாயக் குறியை ஏற்றது. 1912-இல் டைட்டானிக் கப்பல் மூழ்கிய சில மாதங்களில் அமெரிக்கா வானொலிச் சட்டம் ஒன்றை இயற்றியது. அச்சட்டம் அமெச்சூர்களுக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கியதுடன், அவர்களை 200 மீட்டரும் அதற்குக் குறைவுமான அலைநீளங்களுக்குள் ஒதுக்கியது. அக்குறுஅலைகள் தொலைதூரத் தொடர்புக்குப் பயன்படாதவை என்று அப்போது கருதப்பட்டது.

1913 மார்ச்சு மாதம் ஓஹாயோ மாநிலத்தில் பெருவெள்ளம் ஏற்பட்டுத் தந்திக் கம்பிகள் அறுந்தபோது, பல்கலைக்கழக நிலையங்களும் தனி அமெச்சூர்களும் மோர்ஸ் வழியே செய்திகளைக் கடத்தினர். 1923 நவம்பரில் அமெரிக்க அமெச்சூர்களும் பிரான்சு நாட்டு அமெச்சூர் ஒருவரும் குறுஅலையில் அட்லாண்டிக் கடலைக் கடந்து இருவழித் தொடர்பு கொண்டனர். குறுஅலைகள் வானின் அயனி மண்டலத்தால் திருப்பப்பட்டு மீண்டும் நிலத்தை அடைவதே இதற்குக் காரணம். இடையில் கோபுரமோ, கம்பியோ, செயற்கைக்கோளோ தேவைப்படாத இத்தன்மையே பின்னாளில் குறுஅலையைப் பேரிடர்க் காலக் கருவியாக்கியது.

இந்தியாவில்

இந்தியாவில் அமெச்சூர் வானொலி 1921-இல் தொடங்கியது. முதல் உரிமம் பெற்றவர் அமரேந்திர சந்திர குப்து. 1939-இல் இரண்டாம் உலகப்போர் தொடங்கியபோது பிரிட்டிஷ் அரசு உரிமங்களை இரத்து செய்தது. வானொலி அனுப்பும் கருவியைத் தனியார் வைத்திருப்பதை அரசு ஐயத்துடன் நோக்கும் வழக்கம் விடுதலைக்குப் பின்னும் முழுமையாக மறையவில்லை. 1978-ஆம் ஆண்டு அமெச்சூர் சேவை விதிகளின்படி உயர்நிலை உரிமம் பெற விரும்புவோர் மோர்ஸ் தேர்விலும் தேற வேண்டியிருந்தது. 1993 லாத்தூர் நிலநடுக்கம், 1999 ஒடிசாப் பெரும்புயல், 2001 குஜராத் நிலநடுக்கம் ஆகியவற்றில் அமெச்சூர்கள் தொடர்புப் பணி செய்தனர். இவற்றில் அவர்களுள் பலர் பேரிடர் நிகழ்ந்த பின்னரே கருவிகளுடன் சென்று சேர வேண்டியிருந்தது.

அந்தமான், 2004

அந்தமான் நிக்கோபார் தீவுகளில் பாதுகாப்புக் காரணங்களால் பல ஆண்டுகளாக அமெச்சூர் வானொலிக்கு இசைவு தரப்படவில்லை. அதனாலேயே அத்தீவுகளுடன் தொடர்புகொள்வது உலக அமெச்சூர்களிடையே அரிய பேறாகக் கருதப்பட்டது. ஐதராபாத்திலுள்ள தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் நீண்ட முயற்சிக்குப் பின் அரசின் இசைவைப் பெற்றார். அவர் தலைமையிலான குழு 2004 டிசம்பர் 3 அன்று போர்ட் பிளேரிலிருந்து ஒலிபரப்பைத் தொடங்கியது. அக்குழுவின் நோக்கம் பேரிடர்ப் பணி அன்று. உலக அமெச்சூர்களுடன் இயன்றவரை அதிகத் தொடர்புகளை ஏற்படுத்துவதே.

டிசம்பர் 26 காலை 6.29 மணிக்கு சுமத்ரா அருகே கடலடி நிலநடுக்கம் ஏற்பட்டு, அதைத் தொடர்ந்து ஆழிப்பேரலை எழுந்தது. தீவுகளின் மின்சாரமும் தொலைபேசியும் செயலிழந்தன. கார் நிக்கோபாரிலிருந்த விமானப்படைத் தளம் பேரழிவுக்குள்ளானது. குழுவினர் தம் நிலையத்தைப் பேரிடர்ப் பணிக்கு மாற்றிக்கொண்டு, நிலப்பகுதியிலுள்ள அமெச்சூர்களுடன் தொடர்பை நிலைநிறுத்தினர். பின்னர் கார் நிக்கோபாரிலும் ஒரு நிலையம் அமைக்கப்பட்டது. நலமாயிருப்போரின் பெயர்களும் உறவினரின் தொலைபேசி எண்களும் வானொலியில் படிக்கப்பட்டன. நிலப்பகுதியில் அவற்றைக் குறித்துக்கொண்டவர்கள் அந்தந்தக் குடும்பங்களைத் தொலைபேசியில் அழைத்துச் செய்தி சொன்னார்கள். ‘இன்னார் உயிருடன் இருக்கிறார்’ என்ற ஒரு வரிக்காகக் காத்திருந்த வீடுகளுக்கு அச்செய்தி இவ்வழியே போய்ச் சேர்ந்தது.

அன்று காலை நிலையம் ஒன்று அங்கே இருந்ததற்குக் காரணம், 23 நாட்களுக்கு முன் அது இயங்கத் தொடங்கியிருந்ததுதான். பாதுகாப்பு கருதி விலக்கப்பட்டிருந்த கருவியே தீவு மக்களின் துணையாயிற்று. இசைவு இன்னும் ஓராண்டு தாமதமாகியிருந்தால் அந்தமானிலும் அமெச்சூர்கள் வெளியிலிருந்தே வந்து சேர வேண்டியிருந்திருக்கும்.

விதிகளில் மாற்றம்

2003-இல் ஜெனீவாவில் நடந்த உலக வானொலித் தொடர்பு மாநாடு, குறுஅலை உரிமத்திற்கு மோர்ஸ் தேர்வு வேண்டுமா என்பதை அந்தந்த நாடுகளின் முடிவுக்கு விட்டது. அதே மாநாடு, அமெச்சூர் நிலையங்கள் பேரிடர்த் தொடர்புக்கு ஆயத்தமாகும்படி நாடுகள் வழிசெய்ய வேண்டும் என்றும் ஊக்குவித்தது. பேரிடர் மீட்புக்கான தொலைத்தொடர்புக் கருவிகள் நாட்டு எல்லைகளில் தடைபடாதிருக்க 1998-இல் உருவான தாம்பெரே உடன்படிக்கை, ஆழிப்பேரலைக்கு இரு வாரங்களுக்குப் பின், 2005 சனவரி 8 அன்று நடைமுறைக்கு வந்தது. அமெரிக்கா 2007 பிப்ரவரி 23 முதல் மோர்ஸ் தேர்வை நீக்கியது.

தேர்வு நீங்கினாலும் மோர்ஸ் குறியீட்டின் பயன் நீங்கவில்லை. குறுஅலையில் குரலை அனுப்ப ஏறத்தாழ 2,500 ஹெர்ட்ஸ் அகலம் வேண்டும்; மோர்ஸ் குறிக்கு 150 ஹெர்ட்ஸ் அளவே போதும். ஆற்றல் குறுகிய இடத்தில் குவிவதால், குரல் இரைச்சலில் மூழ்கும் நிலையிலும் குறி காதுக்கு எட்டும். கார் பேட்டரியில் இயங்கும் 5 வாட் கருவியும் மரங்களுக்கிடையே கட்டிய 20 மீட்டர் கம்பியும் கொண்டு, சூழல் வாய்த்தால் பல நூறு கிலோமீட்டர் தொலைவுக்குச் செய்தி அனுப்பலாம்.

இன்றைய நிலை

அமெரிக்காவில் ‘பிரெப்பர்’ எனப்படுவோர், பேரழிவை எதிர்பார்த்து உணவும் மருந்தும் சேமிப்பவர்கள். அவர்களில் பலர் வானொலிக் கருவிகளையும் வாங்கி வைக்கின்றனர். உயிருக்கு ஆபத்து நேரும்போது எவ்வழியிலும் உதவி கோரலாம் என்பதால் உரிமம் தேவையில்லை என்று கருதுவோரும் அவர்களிடையே உண்டு. ஆனால் எந்த நேரத்தில் எந்த அலைவரிசை எட்டும் என்பதையும், மங்கிய குறியைப் பிரித்துக் கேட்பதையும், செய்தியைப் பிழையின்றிக் கடத்துவதையும் பழக்கத்தால் மட்டுமே கற்க முடியும். மறுமுனையில் கேட்பவர் ஒருவரும் இருக்க வேண்டும். அந்தமானில் உதவியது பெட்டியில் பூட்டி வைத்த கருவியன்று. நாள்தோறும் இயங்கிக்கொண்டிருந்த நிலையமும், அதைக் கேட்டுப் பழகிய செவிகளுமே.