பிள்ளைக் காம்பராவின் கதை

கண்டி மாவட்டத்தின் ஹேவாஹெட்ட மலைப்புறத்தில், லூல்கந்துரத் தோட்டத்தில், 1867ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். இலங்கையின் தேயிலை வாணிபம் அங்கே தொடங்கியது. டெய்லரின் பெயரை நாடு மறக்கவில்லை. அத்தேயிலையின் கொழுந்தைக் கிள்ளிய தாய்மாரின் பிள்ளைகள் பகற்பொழுதில் எங்கே கிடந்தனர் என்று கேட்டவர் மிகச் சிலரே. அதனையே நாம் இங்கே கேட்கிறோம்.

கோப்பிக் காலத்தில் பருவத்துக்கு வந்து ஊர் திரும்பிய ஆண்களே மிகுதி. தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து விடுவது. ஆகவே குடும்பங்கள் லயங்களில் நிலையாகக் குடியேற்றப்பட்டன. கொழுந்தெடுப்பது பெண்ணின் வேலையாயிற்று. விடியலில் பெரட்டுக்குப் போகும் தாய் கைக்குழந்தையை என் செய்வாள்? மலையில் மரநிழலில் துணித்தொட்டில் கட்டினாள். அல்லது மூத்த பெண்பிள்ளையிடம் விட்டுச் சென்றாள். தம்பியைத் தூக்கிய சிறுமிக்குப் பள்ளிக்கூடம் இல்லாமற் போயிற்று.

இந்த நெருக்கடியிலிருந்தே பிள்ளைக் காம்பரா பிறந்தது: ஓர் அறை, வரிசையாகத் தொட்டில்கள், பார்த்துக்கொள்ள ஓர் ஆயா. இதனைத் துரைமாரின் கருணை என்பாரும் உளர். கணக்கு என்பதே பொருந்தும். டெய்லர் பிறந்த அதே ஸ்கொட்லாந்தில், நியூ லனார்க் ஆலையில், ராபர்ட் ஓவன் 1816லேயே தொழிலாளரின் குழந்தைகளுக்குப் பள்ளி திறந்தார். குழந்தையின் குணமும் அறிவும் வளர்வதே அவர் நோக்கம். நம் மலைகளிலோ தாயின் இரு கைகள் தேவைப்பட்டன. அதனால் பிள்ளைக்கு ஓர் இடம் கிடைத்தது.

1939இல் மகப்பேற்று நன்மைகள் சட்டம் வந்தது. பிற்காலத் திருத்தங்கள் பாலூட்டும் இடைவேளையைத் தந்தன: காப்பகம் உள்ள இடத்தில் நாளுக்கு இரண்டு அரைமணி, இல்லாத இடத்தில் இரண்டு ஒருமணி. நல்ல ஏற்பாடுதான். எனினும் கடமை முதலாளியின் தலையில் வைக்கப்பட்டது. அதனால் பிள்ளையின் உரிமை தாயின் வேலையோடு முடிச்சிடப்பட்டது.

1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பள்ளிகள் வெளியே நின்றன. 1948இன் குடியுரிமைச் சட்டம் அம்மக்களையே வெளியே நிறுத்தியது. 1972லும் 1975லும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் கம்பெனிகளிடம் சென்றது. உடைமை கைமாறியபோதெல்லாம் தொட்டிலும் சொத்துப் பட்டியலோடு கைமாறியது. அது ஊரின் பொதுச்சொத்து ஆகவில்லை.

இன்று தோட்டத்தை விட்டுக் கண்டிக் கடைகளுக்கும் தையல் ஆலைகளுக்கும் இறங்கும் இளந்தாய்க்குச் செக்ரோலில் பெயரில்லை. அவள் பிள்ளை எங்கே இருக்கும்? தலைமுறைகளாக நகரத் துப்புரவுத் தொழிலாளர் வாழும் மகியாவவில், வைகறையிலேயே தெருக் கூட்டப் புறப்படும் தாயின் பிள்ளையை யார் ஏந்துவார்? வசதி படைத்த வீதியில் பணம் கொடுத்து ஆயாவை அமர்த்தலாம். அவ்விரு தாய்மாரின் சம்பளம் அதற்குப் போதுமா?

ஐந்து வயதுக்குப் பின் பிள்ளை நாட்டின் பொறுப்பு என்று நாம் ஒப்புக்கொண்டுவிட்டோம். அதற்கு முந்திய ஐந்தாண்டுகள் மட்டும் முதலாளியின் கணக்கிலும் தாயின் தலையெழுத்திலும் கிடப்பது நியாயமன்று. தோட்டத்திலும் சேரியிலும் கிராமத்திலும் பள்ளிக்கூடத்தைப் போலவே பிள்ளைக் காம்பராவும் பொதுவாதல் வேண்டும். அதனைக் கேட்டுப் பெறுவது நம் கடமை.