எல்.ஐ.ஜி., எம்.ஐ.ஜி., எச்.ஐ.ஜி.

சென்னையில் கே.கே. நகர், அண்ணா நகர் பக்கம் வழி கேட்டிருக்கிறீர்களா? "நேரா போங்க, எம்.ஐ.ஜி. பிளாட்ஸ் வரும், அதைத் தாண்டுனா எல்.ஐ.ஜி." என்பார்கள். சொல்பவருக்கும் கேட்பவருக்கும் அது வெறும் அடையாளம். குறைந்த வருவாய், மத்திய வருவாய், உயர் வருவாய் என்று பிரித்துப் பெயர் வைத்தது அரசாங்கம். சொந்தக்காரர்களிடம்கூடச் சொல்லக் கூச்சப்படுகிற சம்பளக் கணக்கு, இங்கே தெருவுக்கு அடையாளமாகிவிட்டது.

இந்தப் பிரிவுகள் டெல்லியில் பிறந்தவை. குறைந்த வருவாய்ப் பிரிவினருக்கான வீட்டு வசதித் திட்டம் 1954-இல் வந்தது. மத்திய வருவாய்ப் பிரிவுக்கானது 1959-இல். 1961-இல் உருவான தமிழ்நாடு வீட்டு வசதி வாரியம் இதே எழுத்துகளில்தான் வீடுகளைக் கட்டி ஒதுக்கியது.

எனக்குச் சுவாரசியமானது அந்த முதல் திட்டத்தின் உச்சவரம்பு. ஆண்டு வருமானம் 6,000 ரூபாய்க்கு மிகாதவர் எல்லாம் 'குறைந்த வருவாய்'. அதாவது மாதம் 500. அன்றைக்கு இந்தியரின் சராசரி ஆண்டு வருமானம் தலைக்கு 300 ரூபாய்க்குள். ஐந்து பேர் உள்ள குடும்பம் என்றால் 1,500. அதைப்போல நான்கு மடங்கு சம்பாதிப்பவரையும் அரசு 'குறைந்த வருவாய்' என்றே எழுதிக்கொண்டது!

கடனும் அப்படித்தான். வீட்டின் மதிப்பில் 80 சதவீதம் வரை அரசு தரும். மீதி 20 சதவீதத்தை யார் போடுவது? கையில் மனையோ, மனைவி கழுத்தில் நகையோ இருப்பவர்தான் போட முடியும். தினக்கூலிக்காரர் அந்தக் கணக்குக்குள்ளேயே வரவில்லை.

என் தாத்தா ஒரு குமாஸ்தா. எல்.ஐ.ஜி. வீட்டில் தவணை கட்டியவர். "நாமெல்லாம் லோ இன்கம்தானேப்பா" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். மாதம் பிறந்தால் சம்பளம், ஓய்வுபெற்றால் பென்ஷன், தலைக்கு மேலே கான்கிரீட். ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு இந்த மூன்றில் ஒன்றுகூடக் கிடையாது. அவர் பொய் சொல்லவில்லை. ஒதுக்கீட்டு ஆணையில் இருந்ததைத்தான் சொன்னார். அவர் பார்த்ததெல்லாம் அடுத்த தெரு எம்.ஐ.ஜி. வீட்டு வாசலில் நின்ற ஸ்கூட்டரை. எதிர்ப்பக்கம் திரும்பிப் பார்க்க அவருக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை.

அந்த எதிர்ப்பக்கத்தைக் கணக்கில் எடுத்த முயற்சி ஒன்று உண்டு. 1977-இல் உலக வங்கிக் கடனுடன் தொடங்கிய சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டம். அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூரில் வீடு கட்டித் தரவில்லை. சின்ன மனை, கழிவறை, தண்ணீர், வடிகால், தெரு விளக்கு. "மிச்சத்தை நீங்க பாத்துக்கோங்க." முதலில் ஓலை, பிறகு ஆஸ்பெஸ்டாஸ், காசு சேர்ந்தபோது கான்கிரீட், மகன் சம்பாதிக்க ஆரம்பித்ததும் மேலே ஒரு மாடி, அதில் வாடகை. பெரிய மனைகளைக் கூடுதல் விலைக்கு விற்று, அந்தப் பணத்தில் சின்ன மனைகளின் விலையைக் குறைத்தார்கள். குடும்பத்தின் வருமானம் ஒரே எண்ணாக நிற்காது, ஏறும் இறங்கும் என்பதைப் புரிந்துகொண்ட திட்டமாக இதை நினைக்கிறேன். மற்றவை எல்லாம் விண்ணப்பம் போட்ட நாளில் இருந்த சம்பளத்தை ஆயுளுக்கும் பிடித்துக்கொண்டவை.

எழுத்துகள் போகவில்லை, எண்கள்தான் மாறின. 2017-இல் வீட்டுக்கடன் வட்டி மானியத்தை மத்திய வருவாய்ப் பிரிவுக்கும் நீட்டித்தபோது, ஆண்டுக்கு 18 லட்சம் வரை சம்பாதிக்கும் குடும்பம் அந்தப் பிரிவில் வந்தது. அப்போது தலைக்குச் சராசரி வருமானம் ஒன்றேகால் லட்சத்துக்கும் குறைவு. ஐவர் குடும்பத்துக்குப் பெருக்கிப் பார்த்தால், இந்த 'நடுவு' சராசரியைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு உயரத்தில் இருக்கிறது. ஐடி கம்பெனியில் வேலை பார்க்கிற நண்பர்கள் "நாங்க மிடில் கிளாஸ்பா" என்று சொல்லும்போது எனக்குச் சண்டை போடத் தோன்றுவதில்லை. வேளச்சேரியில் இரண்டு படுக்கையறை பிளாட்டின் விலையைக் கேட்டுவிட்டு வந்தவர், தன்னைப் பணக்காரர் என்று எப்படி நம்புவார்?

இன்னொரு பிரிவும் இருக்கிறது: பொருளாதாரத்தில் நலிந்தோர். வீட்டு வசதித் திட்டத்தில் அதன் வரம்பு ஆண்டுக்கு 3 லட்சம். 2019-இல் வந்த 10 சதவீத இட ஒதுக்கீட்டில் அதே பெயருக்கு வரம்பு 8 லட்சம். ஆக, ஆண்டுக்கு 7 லட்சம் சம்பாதிக்கும் ஒரு குடும்பம், கல்லூரி விண்ணப்பத்தில் நலிந்தது. அதே வருடம் வங்கியில் கொடுத்த வீட்டுக்கடன் விண்ணப்பத்தில் எம்.ஐ.ஜி.