மாரிகால உலை

பனிக்காலம் தொடங்குமுன் வீட்டு வெப்ப உலையைச் சோதித்துச் செப்பனிட்டு வைப்பது, 1983 இன் வன்செயல்களுக்குப் பின் கனடாவிற் குடியேறிய எம்மவர்க்கும் வழக்கமாகிவிட்டது. பனியே காணாத யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் உலையை அணையாது காக்கவேண்டிய பருவம் ஒன்றுண்டு. அதுவே மாரி. எமது உலை சோறு பொங்கும் உலை. அரசரையும் ஆளுநரையும் நிரலாகக் கற்பிக்கும் நாம், இவ்வுலையை எரியவைத்தவர் யாவர் என்று மாணவரிடம் கேட்டதுண்டா?

குடாநாட்டிலே பேராறும் இல்லை, பெருங்காடும் இல்லை. ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். நனைந்த விறகு எரியாது. ஆதலால் மாரிக்குரிய நெருப்பைக் கோடையிலேயே தேடிவைத்தல் வேண்டும். காவோலை, கங்குமட்டை, பன்னாடை என்பவற்றைப் பனை தந்தது. பொச்சையும் சிரட்டையையும் தென்னை தந்தது. மழைக்கு முன் பாத்தியிலிட்ட பனம்விதை தையிலே கிழங்காகும். கிழங்கு போக எஞ்சிய ஊமல் வெயிலில் உலர்ந்து அடுத்த மாரிக்கு எரிபொருளாகும். இவையாவும் அடுப்புக்கு மேலுள்ள பரணில் ஏறின. அடுப்பின் புகையே அவற்றை ஈரம் அண்டாது காத்தது. இரவிலே பொச்சுத் தணலைச் சாம்பலால் மூடிவைத்து, விடியலிற் பன்னாடையிட்டு ஊதுகுழலால் ஊதினால் தீ மீண்டும் பற்றும். ஏட்டிலே எழுதப்படாத இந்த அறிவு, தாயிடமிருந்து மகளுக்குக் கைமாறி வந்தது.

ஆயினும் இந்த நெருப்பு எல்லோர் வீட்டிலும் ஒரே விதமாக எரியவில்லை. ஒரே ஓலையைக் கூரையும் கேட்டது, வேலியும் கேட்டது, புகையிலைத் தோட்டம் மண்ணிற் புதைக்கும் பசளையாகக் கேட்டது, அடுப்பும் கேட்டது. வளவும் தோட்டமும் உடையோர்க்கு நான்கும் நிறைந்தன. உயிரைப் பணயம் வைத்துப் பனையேறியவனுக்குப் பெரும்பாலும் அப்பனை சொந்தமில்லை. நிலமற்றோர் வீழ்ந்த மட்டையைப் பொறுக்குவதற்கும் உடையவரின் தயவை நாடி நின்றனர். 1619 இற் போர்த்துக்கேயரும், 1658 இல் ஒல்லாந்தரும், 1795 இல் ஆங்கிலேயரும் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினர். போர்த்துக்கேயரின் மொழி அடுப்படிக்குக் ‘குசினி’ என்ற பெயரைத் தந்தது. பெயர் மாறியது, அங்கே புகையிற் குனிந்து நின்றவள் மாறவில்லை.

மண்ணெண்ணெயும் மின்சாரமும் வந்தபின், படித்த வர்க்கம் விறகடுப்பை நாட்டுப்புறத்தின் அடையாளமாக எண்ணியது. 1990 ஆம் ஆண்டு யூனில் மீண்டும் போர் மூண்டது. மின்சாரம் நின்றது. எரிபொருளும் பொருளாதாரத் தடைக்குள் அகப்பட்டது. அப்பொழுது ஊமலையும் பொச்சையும் தேடாத வீடுகள் அரிதாயின. ஏளனம் செய்யப்பட்ட பாட்டியின் அறிவே குடும்பத்திற்குச் சோறு போட்டது. அதே வேளையிற் காவலரண்களுக்காகவும் பதுங்குகுழிகளுக்காகவும் பனைகள் வெட்டிச் சாய்க்கப்பட்டன. 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் கொட்டும் மழையிலே தென்மராட்சி நோக்கி நடந்தனர். பரணை எவரால் தூக்கிச் செல்ல முடியும்? மரத்தடியில் மூன்று கல் வைத்து, ஈரச் சுள்ளியை ஊதிக் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சிய தாய்மாரின் உழைப்பும் அப்போரின் வரலாறேயாகும். 2022 இல் நாடு பொருளாதார நெருக்கடியிற் சிக்கி, எரிவாயுவுக்காக மக்கள் வரிசையில் நின்றபோதும் விறகடுப்பே பல வீடுகளைக் காத்தது.

இதனால் நாம் விறகடுப்பைப் போற்றிப் பாடவரவில்லை. வீட்டினுள் எழும் புகையால் 2020 இல் உலகெங்கும் ஏறக்குறைய 32 இலட்சம் பேர் மாண்டனர் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகின்றது. மாரியில் கதவடைத்த குசினியிலே அப்புகையை முதலிற் சுவாசிப்போர் பெண்களும் குழந்தைகளுமே. ஆதலால் அவர்களுடைய அறிவை மதித்தல் வேண்டும். அவர்கள்மேல் ஏற்றப்பட்ட சுமையை இறக்கவும் வேண்டும். புகையற்ற எரிபொருள், பணமுள்ளோர்க்கு மட்டும் உரிய வசதியாக இருத்தல் ஆகாது. அதனை உழைக்கும் குடும்பம் ஒவ்வொன்றின் உரிமையாகக் கோருவோம்.

ஆசிரியத் தோழர்களே, அடுத்த வரலாற்றுப் பாடத்தில் மாணவரிடம் ஒரு வினாவைக் கொடுத்தனுப்புவோம்: ‘1995 ஆம் ஆண்டு மாரியில் உங்கள் வீட்டு உலையில் எரிந்தது யாது? அதைத் தேடிக் கொணர்ந்தவர் யார்?’ விடை கூறக்கூடிய பாட்டிமார் இன்னும் எம்மிடையே இருக்கின்றனர்.