கரையேறிய ஒரு சொல்

காரிமங்கலத்தில் ஜல்லிக்கட்டு என்பது நெடுங்காலம் தெற்கத்திச் சொல்லாகவே இருந்தது. தை பிறந்தால் அந்த ஊருக்கு வடக்கே, கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கமெல்லாம் எருது விடும் விழா நடந்தது. தெருவின் இரு பக்கமும் கட்டை கட்டி, நடுவே மாட்டை விரட்டிவிட்டார்கள். சில ஊர்களில் எந்த மாடு குறைந்த நொடியில் கோட்டைத் தாண்டுகிறது என்று கணக்குப் பார்த்தார்கள். ஓசூர் வட்டாரத்தில் கொம்பில் கட்டிய தட்டியைப் பறிக்க இளவட்டங்கள் பாய்ந்தார்கள். தெற்கே தருமபுரி, சேலம் பக்கம் எருதாட்டம். இரு புறமும் கயிற்றை ஆட்கள் பிடித்துக்கொள்ள, மாடு கோயிலைச் சுற்றி வந்தது. திமிலைத் தழுவித் தொங்குவது அலங்காநல்லூர்க்காரர்கள் சமாச்சாரம். அவர்களுக்கு வரும் வழக்கு இந்தத் தெருக்களையும் அடைக்கும் என்று எவரும் நினைக்கவில்லை. அந்த வழக்கின் முதல் நூலோ மதுரையில்கூட இல்லை. அது ஒரு சர்க்கஸ் கூடாரத்துக்குள் கிடந்தது.

1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் 22-ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. எந்தெந்த விலங்கை வித்தை காட்டப் பழக்கக் கூடாது என்று மத்திய அரசு பட்டியல் போட அது இடம் தந்தது. 1991 மார்ச் 2-இல் முதல் பட்டியல் வந்தது: கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, நாய். சர்க்கஸ் முதலாளிகள் கொதித்துப் போனார்கள். இந்திய சர்க்கஸ் கூட்டமைப்பு டில்லி உயர் நீதிமன்றத்துக்கு ஓடியது. இழுபறி ஏழு வருஷம் நீண்டது. 1998 அக்டோபர் 14-இல் வந்த திருத்திய பட்டியலில் நாய் நழுவியிருந்தது. அதன் இடத்தில் சிங்கம் வந்து உட்கார்ந்திருந்தது. எங்கள் தொழில் உரிமை என்ன ஆவது என்று முதலாளிகள் மறுபடி படியேறினார்கள். 2000-இல் கேரள உயர் நீதிமன்றத்திலும் 2001 மே 1-இல் உச்ச நீதிமன்றத்திலும் தோற்றார்கள். கூடாரங்களிலிருந்து கூண்டுகள் போயின. பட்டியலோ அப்படியே இருந்தது, ஆறாவது பெயருக்கு இடம் வைத்துக்கொண்டு.

அந்த இடத்துக்கு ஆள் தேடப்பட்ட கதை ராமநாதபுரம் மாவட்டத்தில், ஒரு மாட்டுவண்டியில் தொடங்கியது. கோயில் திருவிழாவுக்கு ரேக்ளா பந்தயம் நடத்த ஒருவர் போலீசிடம் அனுமதி கேட்டார், கிடைக்கவில்லை. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் மனுப் போட்டார். அவர் கேட்டது ரேக்ளா மட்டும். மனு போய்ச் சேர்ந்தது நீதிபதி ஆர். பானுமதியிடம். அவர் வக்கீலாகத் தொழில் பழகியது அரூர், கிருஷ்ணகிரி, திருப்பத்தூர் நீதிமன்றங்களில். எருது விடும் சீமை. 2006 மார்ச் 29-இல் தீர்ப்புச் சொன்னார்: ரேக்ளா கூடாது, எருதுப் பந்தயம் கூடாது, ஜல்லிக்கட்டும் கூடாது. வண்டி ஓட்ட வழி கேட்கப் போனவர் காளை வளர்க்கிறவர்கள் அத்தனை பேருக்கும் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

மாட்டுக்காரர்கள் மேல்முறையீட்டுக்குப் போனார்கள். 2007 மார்ச்சில் இரு நீதிபதிகள் அமர்வு நிபந்தனைகளோடு கதவைத் திறந்தது. இந்திய விலங்குகள் நல வாரியம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. ஜூலையில் கதவு மறுபடி சாத்தப்பட்டது. வழக்கின் பாதையில் இன்னொருவரும் வந்து சேர்ந்திருந்தார், ஜல்லிக்கட்டில் மகனைப் பறிகொடுத்த ஒரு தந்தை. 2008 பொங்கலுக்கு நான்கு நாள் இருக்கும்போது உச்ச நீதிமன்றம் கூடாது என்றது. பொங்கலன்று போனால் போகிறது என்றது. வருஷா வருஷம் கடைசி நிமிஷத்தில் டில்லியைப் பார்த்து நிற்க முடியாது என்று சென்னையில் சட்டம் எழுத உட்கார்ந்தார்கள்.

2009-இல் தமிழ்நாடு ஜல்லிக்கட்டு ஒழுங்குமுறைச் சட்டம் பிறந்தது. கலெக்டர் அனுமதி, இரட்டைத் தடுப்பு, கால்நடை மருத்துவர் என்று பொங்கல் ஒளிபரப்பில் இன்று சாதாரணமாய்த் தெரிகிற பலவும் இந்த வழக்குகளும் சட்டங்களும் போட்ட குட்டிகளே. ஆனால் விஷயம் அந்த 2009 சட்டத்தின் முதல் பக்கத்தில், ஜல்லிக்கட்டு என்றால் என்ன என்று விளக்கிய வரியில் இருந்தது. மஞ்சுவிரட்டு, ஊர்மாடு, வடமாடு என்று அடுக்கியவர்கள் கூடவே எருது விடும் விழாவையும் சேர்த்தார்கள். பெருந்தன்மையாகவோ முன்யோசனையாகவோ வலையை அகல விரித்தார்கள். திமிலைத் தொடாத வடக்கத்தி ஓட்டம் அன்றைக்குச் சட்டப்படி ஜல்லிக்கட்டு ஆனது. சட்டசபையில் நிறைவேறியது, கவர்னர் ஒப்பினார், அரசிதழில் வந்தது. ஒரே ஒரு கையெழுத்தைத்தான் யாரும் வாங்கவில்லை.

2011 ஜூலை 11-இல் சர்க்கஸ் பட்டியல் தூசி தட்டி எடுக்கப்பட்டது. கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கத்தோடு ஆறாவதாகக் காளையை எழுதினார்கள். அப்போது சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ். மறுநாளே மந்திரிசபை மாற்றம். அவர் வேறு இலாகாவுக்குப் போனார். அந்த நாற்காலிக்கு வந்தவர் ஜெயந்தி நடராஜன், ஒரு தமிழர். ஒரு நாள் தள்ளிப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கலாம், யோசிக்கத்தான் முடியும். கழுத்தில் மணி கட்டிய வீட்டு மாடு, சட்டத்தின் கண்ணில் புலிக்கூட்டத்தில் சேர்ந்தது. அதன் விலை மூன்று வருஷம் கழித்துத் தெரிந்தது.

2014 மே 7. உச்ச நீதிமன்ற நீதிபதிகள் கே. எஸ். ராதாகிருஷ்ணன், பினாகி சந்திர கோஷ் அமர்வு ஜல்லிக்கட்டைத் தடை செய்தது. மத்தியச் சட்டத்தோடு மோதுகிற மாநிலச் சட்டம் நிற்க வேண்டுமானால் குடியரசுத் தலைவர் ஒப்புதல் வேண்டும். 2009 சட்டத்துக்கு அது இல்லை. கையெழுத்து இல்லாத சட்டம் செல்லாமல் போனது. வழக்கின் தலைப்பில் எதிர்த்தரப்பாகப் பதிந்ததோ, மகனை இழந்த அந்தத் தந்தையின் பெயர்! தடை கேட்டவர் பெயரே தோற்ற தரப்பின் பெயராக நிலைத்தது. 2009-இல் பெருமையாக ஏறி உட்கார்ந்த ‘எருது விடும் விழா’வும் ஏறிய ஓடத்தோடு சேர்ந்து மூழ்கியது. இரண்டு பொங்கல் வாடிவாசல்கள் சும்மா கிடந்தன. அந்த வெறுமையில் மாட்டுக்காரர்களுக்குப் புதிதாக ஒரு வாதம் வலுத்தது.

அதுவரை அவர்கள் பாரம்பரியம், கோயில், வீரம் என்று பேசினார்கள். இப்போது காங்கேயத்தில் நாட்டு மாடு காக்கும் கார்த்திகேய சிவசேனாபதி போன்றவர்கள் பேச்சைத் திருப்பினார்கள்: விளையாட்டு போனால் பொலிகாளை போகும், பொலிகாளை போனால் இனம் போகும். பெரிய வாதம்தான், ஆனால் முழு உண்மை என்று ஒப்ப மனம் வரவில்லை. பென்னாகரம் காட்டுப் பக்கத்து ஆலம்பாடி மாடு ஏருக்கும் வண்டிக்கும் கவலை இறைக்கவும் வளர்ந்த இனம். அதைக் குறைத்தது எந்த நீதிமன்றமும் அல்ல. டிராக்டரும் பம்புசெட்டும் கலப்பினப் பசுவும். ஆனாலும் வாதம் வேலை செய்தது. ஜல்லிக்கட்டை எதிர்த்த ‘பீட்டா’ என்ற விலங்குரிமை அமைப்பின் பெயர் டீக்கடை வரை வசைச் சொல்லாக இறங்கியது. அடுத்த ஆட்டத்துக்குக் களம் தயாரானது.

2016 ஜனவரி 7-இல் மத்திய அரசு ஓர் அறிவிக்கை போட்டு ஜல்லிக்கட்டுக் காளைக்கு விலக்குத் தந்தது. அதை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்த அமர்வில் இருந்தவர்களில் ஒருவர் அதே பானுமதி. அவர் விலகிக்கொண்டார். வேறு அமர்வு ஜனவரி 12-இல் தடை போட்டது. பொங்கலுக்கு மூன்றே நாள். அடுத்த பொங்கலும் அப்படியே போனது, போன பிறகுதான் வெடித்தது.

2017 ஜனவரி 16-இல் அலங்காநல்லூரில் மறியல். மறுநாள் மெரினாவில் மாணவர்கள். கூட்டம் கலையவில்லை, பெருகியது. முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் டில்லி போய்ப் பிரதமரைப் பார்த்தார். 21-இல் அவசரச் சட்டம். நிரந்தரச் சட்டம் வேண்டும் என்று அலங்காநல்லூர்க்காரர்கள் வாடிவாசலைத் திறக்க வந்த முதல்வரையே திருப்பி அனுப்பினார்கள். 23-இல் ஒரு பக்கம் சென்னைத் தெருக்களில் தடியடியும் தீயும், இன்னொரு பக்கம் சட்டசபையில் மசோதா. இந்த முறை யாரும் கையெழுத்தை மறக்கவில்லை. 31-இல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தார். பன்னீர்செல்வம் ராஜினாமா செய்தது அடுத்த ஐந்தாம் நாள். எல்லாம் நூலிழையில் நடந்தது.

புதிய சட்டத்திலும் ஜல்லிக்கட்டு என்றால் என்ன என்று ஒரு வரி இருந்தது. ஜனவரி முதல் மே வரை, அரசு அறிவிக்கும் நாளில், அறிவிக்கும் இடத்தில். மஞ்சுவிரட்டு, வடமாடு, எருதுவிடும் விழா உட்பட. 2014-இல் எந்தச் சொல்லோடு மூழ்கியதோ, அதே சொல்லைப் பிடித்துக்கொண்டு வடக்கத்தி ஓட்டம் கரையேறியது. 1998-இல் பட்டியலிலிருந்து நாய் நழுவியதுபோல இம்முறை ஊர்மாடு நழுவியிருந்தது. நாய்க்கு அது விடுதலை. ஊர்மாட்டுக்கு?

சட்டம் வந்த பிறகு ஆலம்பாடிக்கும் ஒரு யோகம் அடித்தது. காரிமங்கலம் வட்டத்திலேயே கால்நடைப் பல்கலைக்கழகம் அந்த இனத்துக்கென ஆராய்ச்சி மையம் வைத்தது. தெற்கத்தி விளையாட்டும் வடக்கே ஏறி வந்தது. 2023 ஜனவரியில் தருமபுரியை அடுத்த தடங்கத்தில் திமில் தழுவும் ஜல்லிக்கட்டே நடந்தது. வேடிக்கை பார்க்கப் போயிருந்த 14 வயதுப் பாலக்கோட்டுச் சிறுவன் மாடு முட்டி இறந்தான். சில நாளில், பிப்ரவரி 2-இல், ஓசூரை அடுத்த கோபசந்திரத்தில் எருது விடும் விழாவுக்கு அனுமதி வரத் தாமதமானதும் கூட்டம் நெடுஞ்சாலையை மறித்தது. கல் பறந்தது, பெங்களூர்ச் சாலையில் வண்டிகள் மணிக்கணக்கில் நின்றன.

2023 மே 18-இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு 2017 சட்டம் செல்லும் என்றது. காரிமங்கலத்துக்கு வடக்கே ஓடும் மாட்டுக்குச் சட்டத்தில் பெயர் உறுதியானது. தெற்கே கயிற்றோடு சுற்றும் மாட்டின் ஆட்டத்தை, எருதாட்டம் என்ற அந்தப் பேரை, 2009-இலும் எழுதவில்லை, 2017-இலும் எழுதவில்லை.