பிக் பாஸ் தமிழ்

விஜய் டிவியின் ரியாலிட்டி ஷோ. 2017 ஜூன் 25-இல் தொடங்கியது. மூலம், நெதர்லாந்தில் 1999-இல் வந்த ‘பிக் பிரதர்’. போட்டியாளர்கள் தங்கும் தமிழ் வீட்டின் அரங்கம் பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கம் ஈவிபி பிலிம் சிட்டியில் அமைந்தது. சுவரெங்கும் கண்ணாடி, பின்னால் கேமரா, கைபேசி கிடையாது. முகம் காட்டாத ‘பிக் பாஸ்’ குரலில் மட்டும் உத்தரவிடுவார். வார இறுதியில் தொகுப்பாளர் கமல்ஹாசன் நடத்திய விசாரணையே, பலருக்கு, நிகழ்ச்சியின் உயிர். முதல் சீசனில் பட்டம் ஆரவுக்கு. பாதியில் வெளியேறிய ஓவியாவுக்கோ சமூக ஊடகங்களில் ரசிகர் ‘ஆர்மி’யே திரண்டது. ஏழு சீசன்களுக்குப் பின், 2024 அக்டோபரில் தொடங்கிய எட்டாவதை விஜய் சேதுபதி தொகுத்து வழங்கினார்.